கனமான பெட்ரோல் பிக்கப்புக்கு எமிஷன் டெஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-250, ராம் 2500, ஷெவி 2500எச்டி போன்ற பெரிய பிக்கப் வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. வீட்டுப் படகையோ கேம்பரையோ இழுக்க வாங்கியவர்கள், கேட்டரிங், லாண்ட்ஸ்கேப்பிங் தொழிலுக்காக வாங்கியவர்கள் எனப் பலரும் கேட்ட கேள்விகள். பெரும்பாலும் எல்லாமே ஒரே இடத்தில்தான் தொடங்கும்: எமிஷன் டெஸ்ட்டுக்கு, அதாவது வண்டியின் புகைப் பரிசோதனைக்குப் போனால், டெஸ்ட் ஸ்டேஷன்காரர் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இதை நாங்கள் செய்வதில்லை" என்று கையை விரித்துவிடுவார். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அவ்வப்போது திருத்தமும் வரும். வண்டியை எடுப்பதற்கு முன் உங்கள் மாநிலத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

என் டிரக் காலியாக 6,500 பவுண்டுதான் இருக்கும். அதை ஏன் "ஹெவி டியூட்டி" என்கிறார்கள்?

அவர்கள் பார்ப்பது வண்டி இப்போது எவ்வளவு கனக்கிறது என்பதை அல்ல. ஜிவிடபிள்யூஆர் என்ற எண்ணை. வண்டியின் எடை, அதில் ஏறும் ஆட்கள், பின்னால் ஏற்றும் சரக்கு, கொக்கியில் அழுத்தும் டிரெய்லரின் பாரம், எல்லாம் சேர்த்து இதற்கு மேல் போகக்கூடாது என்று தயாரிப்பாளர் குறித்த உச்ச வரம்பு அது. இனி இந்தப் பக்கத்தில் "எடை வரம்பு" என்றால் அதுதான்.

டிரைவர் கதவைத் திறந்தால், கதவு வந்து பூட்டிக்கொள்ளும் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். தயாரித்த மாதம், வருடம், அதன் பக்கத்தில் எடை வரம்பு பவுண்டிலும் கிலோவிலும், கீழே முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் தாங்கும் எடை, டயர் சைஸ், வின் நம்பர் (வண்டியின் அடையாள எண்). இதை ஒரு ஃபோட்டோ எடுத்து ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் பாதிச் சிக்கல் இந்த ஒரு படத்தில் தீர்ந்துவிடும்.

பதிவுச் சான்றிதழில் இருக்கும் எடையை நம்பாதீர்கள். அதில் காலி எடையோ, நீங்கள் பதிவின்போது அறிவித்த மொத்த எடையோ இருக்கலாம். ஸ்டேஷனில் இருப்பவரும் சில நேரம் அதையே பார்த்துத் தட்டச்சு செய்துவிடுவார். குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடும்.

எல்லோரும் 8,500 பவுண்டு என்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

மத்திய அரசின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளில் இலகு ரக டிரக்குக்கும் கனரகத்துக்கும் நடுவே நெடுங்காலமாக இருக்கும் கோடு அது. கிலோ கணக்கில் ஏறக்குறைய 3,856. எஃப்-150, சில்வராடோ 1500 போன்ற "அரை டன்" வண்டிகள் பொதுவாகக் கோட்டுக்குக் கீழே; 2500, 3500 ரகங்கள் பொதுவாக மேலே.

கோடு எங்கே இருக்கிறதோ அதற்கு ஒரு அடி தள்ளி வண்டியை நிறுத்துவது கம்பெனிகளுக்குப் பழக்கமான வேலை. 1975இல் ஃபோர்டு எஃப்-150 பிறந்த கதையே அதுதான். அப்போது 6,000 பவுண்டுக்குக் கீழ் இருந்த வண்டிகளுக்குத்தான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் கருவி) கட்டாயம். அதைத் தாண்டும்படி எஃப்-150 கொஞ்சம் கனமாக வரையறுக்கப்பட்டது. பின்னாளில் ஹம்மர் எச்2, ஷெவி 1500எச்டி போன்றவற்றின் ஸ்டிக்கரில் 8,600 என்று இருந்ததையும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

1500எச்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது: பெயரில் 1500 இருந்தாலும் வண்டி கோட்டுக்கு மேலே. பெயரைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள்.

சரி, கோட்டுக்கு மேலே இருந்தால் டெஸ்ட் செய்வதில் என்ன கஷ்டம்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1996 மாடல் முதல் 8,500 பவுண்டு வரையிலான கார், டிரக் எல்லாவற்றுக்கும் ஓபிடி-2 என்ற தன்னாய்வு முறை கட்டாயமானது. டாஷ்போர்டுக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு போர்ட் இருக்கும்; அதில் ஒயரைச் செருகினால் வண்டியின் கம்ப்யூட்டரே தன் உடல்நிலையைச் சொல்லிவிடும். 2000களில் மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சைலன்சரில் குழாய் விடுவதை விட்டுவிட்டு இதற்கு மாறின. ஸ்டேஷனுக்கும் நிம்மதி: விலை குறைந்த கருவி, ஐந்து பத்து நிமிட வேலை.

ஆனால் 8,500 முதல் 14,000 பவுண்டு வரையிலான வண்டிகளுக்கு நாடு முழுவதும் இந்தக் கட்டாயம் பத்தாண்டு பிந்தித்தான் வந்தது. 2000களின் நடுவில் படிப்படியாகத் தொடங்கி 2007, 2008 வாக்கில்தான் முழுமையானது. ஆக 1996 முதல் 2006, 2007 வரையிலான கனமான பெட்ரோல் டிரக்குகள் நடுவில் மாட்டிக்கொண்டன. பல மாநிலங்களில் அவை ஓபிடி டெஸ்ட்டுக்கு உரியவை அல்ல. அவற்றுக்கு உரிய பழைய முறை, அதாவது சைலன்சர் வழியாகப் புகையை அளக்கும் கருவி, பெரும்பாலான கடைகளில் இல்லை.

இருக்கும் கடைகளும் அதைக் கைவிட்டு வருகின்றன. புகை அளக்கும் கருவிக்குத் தரநிர்ணய வாயு சிலிண்டர் வாங்கி வைக்க வேண்டும், அடிக்கடி அளவு சரிபார்க்க வேண்டும், சென்சார் மாற்ற வேண்டும். அந்தக் கருவியில் டெஸ்ட் செய்யவேண்டிய வண்டியோ வருடத்துக்கு வருடம் குறைகிறது. வாங்கக்கூடிய கட்டணத்துக்குப் பல மாநிலங்கள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. கடைக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தால் கட்டுப்படியாகாது. உங்களை மறுக்கும் ஆள் உங்கள் மேல் கோபத்தில் மறுக்கவில்லை. பெரும்பாலும் அவரிடம் கருவி இல்லை, அவ்வளவுதான்.

2008 மாடல் முதல் வந்த வண்டி என்றால் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. வேறு சிக்கல்கள் உண்டு, அவை கீழே.

என் 2004 டிரக்கில் அந்தப் போர்ட் இருக்கிறது, ஸ்கேனர் செருகினால் வேலையும் செய்கிறது. பிறகு ஏன் ஏற்கவில்லை?

போர்ட் இருப்பது வேறு, ஓபிடி முறைக்குச் சான்று பெற்றிருப்பது வேறு. கலிபோர்னியா இந்த எடை ரகத்துக்கும் முன்னதாகவே ஓபிடி கேட்டதால், பல கம்பெனிகள் எல்லா வண்டியிலும் அதே போர்ட்டையும் ஒயரிங்கையும் போட்டுவிட்டன. ஆனால் மற்ற மாநிலங்களுக்குப் போன வண்டிகளில் சில மானிட்டர்கள் (ஒவ்வொரு பாகத்தையும் வண்டியே சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு) இல்லாமலே இருக்கலாம். அதனால் மாநில மென்பொருள் வருடத்தையும் எடை வரம்பையும் பார்த்து ஓபிடி டெஸ்ட்டையே திறக்காது.

பானெட்டைத் தூக்கினால், ரேடியேட்டருக்கு மேலோ பானெட்டின் உட்புறத்திலோ புகைக் கட்டுப்பாட்டு லேபிள் ஒன்று ஒட்டியிருக்கும். எஞ்சின் கொள்ளளவு, எந்த விதிப்படி சான்று பெற்றது, ஓபிடி உண்டா இல்லையா எல்லாம் அதில் இருக்கும். கதவு ஸ்டிக்கரோடு இதையும் படம் எடுத்து வையுங்கள். கவுன்டரில் வாக்குவாதம் செய்வதைவிட இந்த இரண்டு படத்தைக் காட்டுவது வேகமாக வேலை செய்யும்.

எந்த மாநிலத்தில் என்ன நிலவரம்?

முழுப் பட்டியல் போட்டால் இந்தப் பக்கம் தாங்காது. ஒரு உதாரணம் பார்ப்போம். 2000களின் தொடக்கத்தில் வந்த எஃப்-250 பலவற்றில் எடை வரம்பு 8,800 பவுண்டு. அதே காலத்து ஷெவி 2500எச்டியில் 9,200.

ஜார்ஜியாவில் அட்லாண்டாவைச் சுற்றிய 13 கவுண்ட்டிகளில் (மாவட்டம் போன்ற பிரிவு) 8,500 வரைதான் டெஸ்ட். இரண்டு வண்டிக்கும் விலக்கு. பென்சில்வேனியாவில் டெஸ்ட் உள்ள 25 கவுண்ட்டிகளில் கோடு 9,000: ஃபோர்டு உள்ளே, ஷெவி வெளியே. கனெக்டிகட்டிலும் வடக்கு வர்ஜீனியாவிலும் கோடு 10,000, இரண்டுமே உள்ளே. மேரிலாண்டில் 26,000 வரை போகிறது. ஒரே சாலையில் அடுத்தடுத்து ஓடும் இரண்டு வண்டிகளின் தலைவிதி 400 பவுண்டில் மாறிவிடுகிறது!

சில மாநிலங்கள் இடுக்கில் மாட்டிய வண்டிகளை விட்டுவிட்டன. எனக்கு அதுதான் யோக்கியமான வழியாகப் படுகிறது. இல்லினாயும் விஸ்கான்சினும் 8,501 முதல் 14,000 பவுண்டு வரையிலான வண்டிகளில் 2007 மாடல் முதல் வந்தவற்றை மட்டும் ஓபிடி டெஸ்ட்டுக்குக் கூப்பிடுகின்றன. மாசசூசெட்ஸில் பெட்ரோல் வண்டிக்கு இந்த வருடம் 2008. சிகாகோ பக்கம் 2005 எஃப்-350 பெட்ரோல் வைத்திருப்பவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

வாஷிங்டன் மாநிலம் 2020 தொடக்கத்திலும் டென்னசி 2022 தொடக்கத்திலும் எமிஷன் டெஸ்ட்டையே மூடிவிட்டன. அங்கே இந்தப் பேச்சே இல்லை.

டெக்சாஸில் இன்ஸ்பெக்‌ஷனே எடுத்துவிட்டார்கள் என்றார்களே?

பாதி உண்மை. 2025 ஜனவரி 1 முதல் எடுத்தது பாதுகாப்பு இன்ஸ்பெக்‌ஷனை: பிரேக், லைட், வைப்பர் பார்ப்பது. எமிஷன் டெஸ்ட் 17 கவுண்ட்டிகளில் அப்படியே இருக்கிறது. டாலஸ், டாரன்ட், காலின், டென்டன், ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், டிராவிஸ், வில்லியம்சன் எனத் தமிழர்கள் நிறைய இருக்கும் கவுண்ட்டிகள் எல்லாமே அதில் அடக்கம். சான் அன்டோனியோ இருக்கும் பெக்சர் கவுண்ட்டியை 2026இல் சேர்ப்பதென்று முடிவாகியிருக்கிறது.

டெக்சாஸில் "இந்த எடைக்கு மேல் விலக்கு" என்ற கோடு இல்லை. பெட்ரோல் வண்டியா, வயது 2 முதல் 24 வருடத்துக்குள்ளா, அவ்வளவுதான் கேள்வி. ஆகவே எஃப்-350க்கும் டெஸ்ட் உண்டு. டாலஸ், ஹூஸ்டன் பகுதிகளில் ஸ்டேஷன் 18.50 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது. முன்பு பாதுகாப்பு இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கடைக்காரருக்கு ஏழு டாலர் தனியாகக் கிடைத்தது. இப்போது அது இல்லை. நீங்கள் பதிவோடு கட்டும் 7.50 டாலர் நேரே அரசுக்குப் போகிறது. மெனக்கெட வேண்டிய வண்டியை எடுத்துக்கொள்ளக் கடைக்காரர்களுக்கு ஆர்வம் குறைவதில் ஆச்சரியமில்லை.

2007 மாடல் டிரக் வயது காரணமாக இந்த வலையை விட்டு வெளியேற 2030களின் தொடக்கம் ஆகிவிடும்.

கலிபோர்னியாவில்?

அங்கே ஸ்மாக் செக் என்பார்கள். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பெட்ரோல் வண்டி 1976 மாடல் முதல் உள்ளே. வயதாகிவிட்டது என்று மற்ற மாநிலங்கள் விடுவதுபோல் 1990களின் வண்டியை விடமாட்டார்கள். 2000 மாடலும் அதற்குப் பிந்தையதும், 14,000 பவுண்டு வரை என்றால் கம்ப்யூட்டர் வழிச் சோதனை, அதோடு கண்ணால் பார்க்கும் சோதனை. 1999 மாடலும் அதற்கு முந்தையதும், அல்லது 14,000க்கு மேல் என்றால் பார்-97 என்ற பழைய கருவி வேண்டும். எல்லா ஸ்மாக் கடையிலும் அது கிடையாது. கடை வாசலில் "2000 மாடலும் அதற்கு மேலும் மட்டும்" என்று பலகை தொங்கினால் உள்ளே போய்ப் பயனில்லை.

பக்கத்து வீட்டுக்காரரிடம் இதே டிரக் டீசலில் இருக்கிறது. அவருக்கு டெஸ்ட்டே இல்லை. இது என்ன நியாயம்?

டெக்சாஸ், ஜார்ஜியா போன்ற இடங்களில் டீசலுக்கு விலக்கு. நியாயமா என்று கேட்டால், எனக்கும் பதில் இல்லை. கலிபோர்னியாவில் 1998 மாடல் முதல் வந்த, 14,000 பவுண்டு வரையிலான டீசல் பிக்கப்பும் ஸ்மாக் செக்குக்குப் போகவேண்டும் என்பதைக் கேட்டு ஆறுதல் அடையலாம்.

நாலு ஸ்டேஷன் ஏறி இறங்கிவிட்டேன். எப்படிக் கண்டுபிடிப்பது?

வண்டியை எடுத்துக்கொண்டு அலையாதீர்கள், ஃபோனில் அலையுங்கள். "டிரக்குக்கு டெஸ்ட் செய்வீர்களா?" என்று கேட்டால் "செய்வோம்" என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் அவர்கள் மனதில் ஓடுவது எஃப்-150. கேட்கவேண்டிய விதம் இது: "2003 மாடல், பெட்ரோல், எடை வரம்பு 9,200 பவுண்டு. ஓபிடி இல்லை, சைலன்சரில் குழாய் விட்டு டெஸ்ட் செய்யவேண்டும். அந்தக் கருவி உங்களிடம் இப்போது வேலை செய்கிறதா?" அந்த "இப்போது" முக்கியம். கருவி இருக்கும், ஆனால் கேஸ் தீர்ந்து கிடக்கும்.

பின்னால் இரட்டை டயர் இருந்தால், வண்டியை உயர்த்தியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். க்ரூ கேப் (நாலு கதவு கேபின்), நீளப் பெட்டி சேர்ந்த எஃப்-350 கிட்டத்தட்ட 22 அடி. சின்னக் கடையின் ஷெட்டுக்குள் நுழையாது.

பல மாநிலங்களின் இணையதளத்தில் ஸ்டேஷன் தேடும் வசதி உண்டு. அதில் கனரக வண்டி, அல்லது புகைக்குழாய்ச் சோதனை என்று வடிகட்டித் தேட முடிந்தால் தேடுங்கள். இல்லையென்றால் மாநில அலுவலகத்தின் உதவி எண்ணுக்கே கூப்பிட்டு, "என் ஜிப் கோடுக்குப் பக்கத்தில் இந்த டெஸ்ட் செய்பவர் யார்?" என்று கேளுங்கள். அவர்கள் கணினியில் எந்த ஸ்டேஷன் எந்த வகை டெஸ்ட் பதிவு செய்கிறது என்ற விவரம் இருக்கும். லாரி, ஸ்கூல் பஸ், வாடகை வேன் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு வேலை செய்யும் பெரிய ஒர்க்‌ஷாப்களையும் கேட்டுப் பாருங்கள். சட்டென்று ஆயில் மாற்றித் தரும் குவிக் லூப் கடைகளைவிட அங்கே வாய்ப்பு அதிகம்.

சைலன்சரில் குழாய் விடும் டெஸ்ட் எப்படி இருக்கும்?

நம் ஊரில் பெட்ரோல் பங்க் ஓரத்தில் வேனை நிறுத்தி பியூசி சர்டிஃபிகேட் போடுவார்களே, அதன் பெரிய அண்ணன். கனமான டிரக்குகளுக்குப் பெரும்பாலும் "இரண்டு வேக ஐடில்" என்ற வகைதான். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஒருமுறை சாதாரண ஐடிலில், ஒருமுறை ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம் அருகே பிடித்துக்கொண்டு, புகையில் ஹைட்ரோகார்பனும் கார்பன் மோனாக்சைடும் எவ்வளவு என்று அளப்பார்கள். இரட்டைச் சைலன்சர் என்றால் இரண்டிலும் குழாய்.

எஞ்சின் நன்றாகச் சூடாக இருக்கவேண்டும். இருபது நிமிடமாவது ஹைவேயில் ஓட்டி நேராக உள்ளே போங்கள். வரிசையில் அரை மணி நேரம் ஐடிலில் நின்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஆறிவிடும், அளவு கூடிவிடும். எஞ்சின் ஆயில் பழசாக இருந்தால் முந்தின வாரம் மாற்றிவிடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், பலர் இதில் மாட்டுகிறார்கள். டெஸ்ட் கருவிக்கு எஞ்சினின் ஆர்பிஎம் தெரியவேண்டும். பழைய வண்டியில் ஸ்பார்க் பிளக் ஒயரில் ஒரு கிளிப் மாட்டினால் போதும். ஃபோர்டின் 5.4, 6.8 லிட்டர் எஞ்சின்களில் பிளக் ஒயரே கிடையாது. ஒவ்வொரு பிளக் மேலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு மெக்கானிக் முழிப்பார். அனுபவமுள்ளவர் ஆர்பிஎம்மை மட்டும் ஓபிடி போர்ட் வழியாகவோ வேறு சென்சார் வழியாகவோ எடுத்துக்கொள்வார். இல்லாதவர் "உங்கள் வண்டியை டெஸ்ட் செய்ய முடியாது" என்று அனுப்பிவிடுவார். இது வண்டியின் குறை அல்ல. இன்னொரு ஸ்டேஷன் பாருங்கள்.

டைனோ மேல் ஏற்றவேண்டும் என்கிறார்களே?

உருளைகள் மேல் சக்கரத்தை ஓடவிட்டு, பாரம் கொடுத்து அளக்கும் முறை அது. பின்னால் நாலு டயர் உள்ள வண்டி, முழுநேர நாலு சக்கர இழுவை, டைனோ தாங்கும் எடையை மீறுவது, இவற்றுக்குப் பொதுவாக இரண்டு வேக ஐடில் முறைக்கு மாற்ற விதியே இடம் தரும். ஏற்றும் முன் கேளுங்கள். தவறாக ஏற்றி டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் பெட்டி) போனால் யார் செலவு என்ற சண்டை உங்களுக்கு வேண்டாம்.

2012 எஃப்-250. எரர் கோடு (கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறு எண்) எதுவும் இல்லை, லைட் எரியவில்லை. ஆனாலும் "நாட் ரெடி" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன்?

ஓபிடி டெஸ்ட்டில் இரண்டு கேள்வி. செக் எஞ்சின் லைட்டில் கோளாறு பதிவாகியிருக்கிறதா? வண்டி தன்னைத்தானே பரிசோதித்து முடித்திருக்கிறதா? உங்களுடையது இரண்டாவதில் விழுந்திருக்கிறது. கேட்டலிஸ்ட், ஆக்ஸிஜன் சென்சார், பெட்ரோல் ஆவிக் கசிவைப் பார்க்கும் எவாப் என ஒவ்வொன்றுக்கும் ஒரு மானிட்டர். பேட்டரியைக் கழற்றினாலோ ஸ்கேனரில் எரர் கோடை அழித்தாலோ எல்லாம் பூஜ்யத்துக்குப் போய்விடும். டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்களில் 1996 முதல் 2000 வரையிலான மாடலுக்கு இரண்டு மானிட்டர் முடியாமல் இருக்கலாம், 2001 முதல் ஒன்றுதான். கலிபோர்னியாவில் 2000 மாடல் முதல் வந்த பெட்ரோல் வண்டிக்கு எவாப் மட்டும் முடியாமல் இருக்கலாம். வேறு எதற்கும் சலுகை இல்லை.

பெரிய டிரக்கில் இது கூடுதல் தொல்லை. வாரம் முழுக்க நின்றிருந்து சனிக்கிழமை மட்டும் டிரெய்லர் இழுக்கும் வண்டியில் மானிட்டர் முடிவதற்கான சூழலே அமையாது. எவாப் ஓட, இரவெல்லாம் நின்று குளிர்ந்த எஞ்சின் வேண்டும், டேங்க் நிறைந்தும் இருக்கக்கூடாது, காலியாகவும் இருக்கக்கூடாது. கால் முதல் முக்கால் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 34 கேலன் டேங்க்கை ரொப்பி வைத்திருந்தால் அது முக்காலுக்கு இறங்கவே சில நாள் ஆகும்.

செய்யவேண்டியது: பாதி டேங்க்கோடு இரவு விட்டுவிடுங்கள். காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஐடில், பிறகு ஊருக்குள் கொஞ்சம், அப்புறம் ஹைவேயில் 55 மைல் அருகே ஒரே வேகத்தில் கால் மணி நேரம். நடுவே பிரேக் தொடாமல் வேகத்தைத் தானாக இறங்கவிடுங்கள். டிரெய்லர் வேண்டாம். இரண்டு மூன்று நாள் இப்படி ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இருபது முப்பது டாலருக்கு ப்ளூடூத் ஸ்கேனர் கிடைக்கிறது. மானிட்டர் முடிந்ததா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்பலாம். கனமான டிரக் வைத்திருப்பவர் வாங்கக்கூடிய உருப்படியான கருவி அதுதான் என்பேன்.

டெஸ்ட்டுக்கு முதல் நாள் எரர் கோடை அழிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். 2010 வாக்கிலிருந்து வந்த வண்டிகளில் அழித்தாலும் போகாத நிரந்தரக் கோடும் உண்டு. கலிபோர்னியா 2019 முதல் அதையும் பார்க்கிறது. எஞ்சின் டியூனர் போட்டு மென்பொருளை மாற்றியிருந்தால், 2021 முதல் அதையும்.

இந்த ரகத்தில் அடிக்கடி எதனால் ஃபெயில் ஆகிறது?

பெட்ரோல் மூடி. சிரிக்காதீர்கள், ரப்பர் வளையம் வெடித்த பத்துப் பதினைந்து டாலர் மூடியால் எவாப் கோடு வருவது சகஜம். அடுத்தது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்) போல்ட். பாரம் இழுத்துச் சூடேறும் எஞ்சின்களில், குறிப்பாக ஜிஎம் 6.0, ஃபோர்டு டிரைட்டன், ராமின் ஹெமி ஆகியவற்றில், கடைசி சிலிண்டர் பக்கத்து போல்ட் முறிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது டிக் டிக் என்று சத்தம், சூடானதும் நின்றுவிடும். அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போய் ஆக்ஸிஜன் சென்சாரை ஏமாற்றும். குழாய் டெஸ்ட்டில் புகை நீர்த்துப்போனதாகக் கருவி எண்ணி, டெஸ்ட்டையே செல்லாது என்று நிறுத்திவிடும்.

பிறகு கன்வெர்ட்டர் திருட்டு. வண்டி உயரமாக நிற்பதால் ஜாக்கிகூட வைக்காமல் அறுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மாற்றும்போது உங்கள் எடை ரகத்துக்கும் மாநிலத்துக்கும் ஏற்றதைப் போடுங்கள். கலிபோர்னியாவில் அனுமதி எண் பொறிக்காத கன்வெர்ட்டர் கண்ணால் பார்க்கும் சோதனையிலேயே விழுந்துவிடும்.

எடையைத் தவறாகப் பதிந்து தவறான டெஸ்ட் செய்து ஃபெயில் போட்டுவிட்டார்கள்.

ரசீதில் எடை வரம்பு, எரிபொருள், டெஸ்ட் வகை மூன்றும் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். கதவு ஸ்டிக்கர் படத்தோடு முதலில் அதே ஸ்டேஷன் மேலாளரிடம் பேசுங்கள். மசியாவிட்டால் மாநில அலுவலகம். கலிபோர்னியாவில் இதற்கென்றே ரெஃபரி என்ற நடுவர் ஏற்பாடு இருக்கிறது. எங்கேயும் டெஸ்ட் கிடைக்காத வினோத வண்டிகளையும் அவர்கள் பார்ப்பார்கள்.

ரிப்பேருக்குப் பணம் கொட்டியும் தேறவில்லை. வேறு வழி?

விலக்கு கேட்கலாம். டெக்சாஸில் எமிஷன் சம்பந்தமான ரிப்பேருக்கு 600 டாலராவது செலவழித்தும் தேறாத வண்டிக்குத் தனி விலக்கு உண்டு. வருடத்துக்கு 5,000 மைலுக்குள் ஓடும் வண்டி என்றால் 100 டாலர் செலவே போதும். கேம்பர் இழுக்க மட்டும் வைத்திருக்கும் டிரக் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வந்துவிடும். பென்சில்வேனியாவிலும் 5,000 மைலுக்குள் ஓடும் வண்டிக்கு விலக்கு இருக்கிறது. ரிப்பேர் பில், ஃபெயில் ரசீது எதையும் தூக்கிப்போடாதீர்கள்.

கிராமத்து கவுண்ட்டியில் இருக்கும் நண்பர் முகவரியில் பதிந்துவிட்டால்?

பொய் முகவரி. மாட்டினால் அபராதம், இன்ஷூரன்ஸிலும் வில்லங்கம். அதேபோல வேறு வண்டியில் ஒயரைச் செருகி உங்கள் டிரக்குக்குப் பாஸ் போட்டுத் தருகிறேன் என்பவரிடமும் போகாதீர்கள். தரவைப் பார்த்தே கண்டுபிடித்து வழக்குப் போடுகிறார்கள்.

எப்போது போனால் நல்லது?

டெக்சாஸில் பதிவு முடியும் நாளுக்கு 90 நாள் முன்பிருந்தே டெஸ்ட் எடுக்கலாம். கனமான டிரக் என்றால் அந்த 90 நாளும் தேவைப்படலாம். ஃபெயில் ஆனால் 15 நாளுக்குள் அதே ஸ்டேஷனில் ஒரு மறு டெஸ்ட் இலவசம். எனவே முதல் டெஸ்ட்டையே ரிப்பேர் கடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பழைய 2500 ஒன்று வாங்கப் பார்க்கிறேன். என்ன கவனிக்க?

கதவு ஸ்டிக்கர் இருக்கிறதா, படிக்கிறமாதிரி இருக்கிறதா என்பது முதல் வேலை. பெயிண்ட் அடித்த வண்டியில் அது காணாமல் போயிருக்கும். பிறகு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எடையை நிரூபிக்கும் வேலை உங்களுடையது. டெஸ்ட் உள்ள கவுண்ட்டியில் இருந்தால், மற்றதெல்லாம் சமம் எனும்போது, 2006ஐவிட 2008 மாடலுக்குச் சில நூறு டாலர் கூடக் கொடுப்பதில் தவறில்லை. ஸ்கேனர் செருகி மானிட்டர் எல்லாம் முடிந்திருக்கிறதா பாருங்கள். எல்லாமே "நாட் ரெடி" என்றால் விற்பவர் காலையில்தான் எரர் கோடை அழித்திருக்கலாம். கலிபோர்னியாவில் வாங்குவதானால், செல்லுபடியாகும் ஸ்மாக் சர்டிஃபிகேட் கொடுப்பது விற்பவரின் பொறுப்பு. அது 90 நாள் செல்லும். "நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், 200 டாலர் குறைத்துக்கொள்கிறேன்" என்று அவர் சொன்னால், வண்டி ஏற்கெனவே எங்கோ ஃபெயில் ஆகியிருக்கலாம். வின் நம்பரை வைத்து மாநிலத் தளத்தில் பழைய டெஸ்ட் வரலாற்றை இலவசமாகப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.